ஒரு சிட்டிகை கூனியும் ஒரு திமிங்கலமும்

எட்டாம் வகுப்பில் உணவுச் சங்கிலி பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, பருந்து என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டு முடித்துவிட்டு, கடலுக்கும் ஒரு சங்கிலி சொல்லலாம் என்று நீலத் திமிங்கலத்தை எழுதினேன். அதற்கு முந்தின இடத்தில் 'கிரில்' என்று எழுதி, "பார்க்க நம்ம கூனிப்பொடி மாதிரி இருக்கும்" என்றேன். கூனி என்றால் பொடி இறால். எங்கள் பள்ளிக்கூடம் ராதாபுரம் பக்கம். பிள்ளைகளில் பாதிப் பேர் கடற்கரை ஊர்க்காரர்கள். மூன்றாவது பெஞ்சில் ஒருத்தி எழுந்தாள். அவளுடைய பாட்டி உவரியிலிருந்து கருவாடு கொண்டுவந்து சுற்றுப்பட்ட சந்தைகளில் விற்பவர். "சார், அம்மாம் பெரிய திமிங்கலம் கூனியத் தின்னா வயிறு நெறையுமா?" என்று கேட்டாள்.

வகுப்பே சிரித்தது. ஆனால் அவள் கேட்டது பாடத்தின் மையமான கேள்வி. 30 மீட்டர் நீளமும் 150 டன் எடையும் வரை வளரக்கூடிய ஒரு உயிர், சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒன்றைத் தின்று எப்படி உயிர் வாழ்கிறது? அன்றைக்கு மணி அடிக்கும் முன்னால் என்னால் முழுதாகச் சொல்லி முடிக்க முடியவில்லை. சொல்ல நினைத்ததையெல்லாம் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கிரில் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். ஓட்டுடலி வகுப்பைச் சேர்ந்த சிறு பிராணி அது. இறால், நண்டு, கூனி எல்லாம் அந்த வகுப்புதான். உலகக் கடல்களில் 80-க்கும் மேற்பட்ட கிரில் இனங்கள் உண்டு. அவற்றில் பேர்பெற்றது தென்துருவத்தைச் சுற்றியுள்ள கடலில் வாழும் அண்டார்க்டிக் கிரில். நன்றாக வளர்ந்தால் 6 சென்டிமீட்டர் இருக்கும். எடை ஒரு கிராமிலிருந்து இரண்டு கிராம். ஐந்தாறு வருடம் உயிரோடு இருக்கும், இத்தனை சிறிய உடம்புக்கு அது பெரிய ஆயுசு. உடம்பு கண்ணாடி போல, அங்கங்கே சிவப்புப் புள்ளிகள். கண் மட்டும் மிளகு போலக் கறுப்பு. தோல் வழியே உள்ளே பார்க்கலாம் என்பதால், சாப்பிட்ட கிரில்லின் வயிறு பச்சையாகத் தெரியும். அந்தப் பச்சையிலிருந்துதான் நம் கதை ஆரம்பம்.

கடல் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத தாவரங்கள் கோடிக்கணக்கில் மிதக்கின்றன. நிலத்தில் புல்லுக்கு என்ன வேலையோ, கடலில் இவற்றுக்கு அதே வேலை. வெயிலை வாங்கி, தண்ணீரில் கரைந்திருக்கும் கரியமில வாயுவைச் சேர்த்து, உணவு சமைக்கின்றன. பாடப்புத்தகம் இவற்றைத் தாவர மிதவை உயிரிகள் என்கிறது. இவற்றில் டயாட்டம் என்ற வகை கிரில்லுக்கு ரொம்பப் பிடித்தது. டயாட்டம் ஒரே ஒரு செல்தான். ஆனால் அது தன்னைச் சுற்றி மூடி போட்ட பெட்டி மாதிரி ஒரு ஓடு கட்டிக்கொள்ளும். கண்ணாடி எதனால் ஆனதோ அதே சிலிக்காவால் ஆன ஓடு.

இத்தனை பொடிசானதைக் கிரில் எப்படிப் பிடிக்கிறது? ஒவ்வொன்றாகப் பொறுக்கினால் ஆயுசு போதாது. அதனால் அது வடிகட்டுகிறது. கிரில்லின் நெஞ்சுப் பகுதியில் ஆறு ஜோடிக் கால்கள் உண்டு. ஒவ்வொரு காலிலும் சீப்புப் பல் போல வரிசையாக முடிகள், அந்த முடிகளில் இன்னும் மெல்லிய கிளை முடிகள். ஒரு காலின் முடி அடுத்த காலின் மேல் படிய, எல்லாம் சேர்ந்து நெஞ்சுக்குக் கீழே ஒரு கூடையாக ஆகிவிடுகிறது. கூடையின் கண்கள் ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பங்கு போட்டால் வருமே, அந்த மாதிரி சில பங்கு அகலம்தான்.

கூடை வேலை செய்யும் விதத்தைச் சொல்ல என் வீட்டு அடுக்களைதான் கைகொடுத்தது. சொதிக்குத் தேங்காய்ப்பால் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். துருவலை அரைத்து, வெள்ளைத் துணியில் கொட்டி, முறுக்கிப் பிழிவோம். பால் துணி வழியே வெளியே வரும், சக்கை உள்ளே தங்கும். கிரில் செய்வதும் இந்தப் பிழிதல்தான். முன்னோக்கி நீந்திக்கொண்டே கால்களை விரிக்கும், கூடை அகலும், எதிர்த் தண்ணீர் உள்ளே பாயும். உடனே கால்களை ஒடுக்கும், தண்ணீர் முடிகளின் இடுக்கு வழியே பக்கவாட்டில் பீய்ச்சி வெளியேறும். டயாட்டங்கள் உள்ளே மாட்டிக்கொள்ளும். ஒரு வித்தியாசம்: நாம் பாலை எடுத்துக்கொண்டு சக்கையைத் தள்ளுகிறோம், கிரில்லுக்குச் சக்கைதான் சாப்பாடு. அதைக் கால்முடிகளாலேயே வழித்து வாய்ப் பக்கம் தள்ளிவிடும். இந்த விரித்தலும் ஒடுக்கலும் விறுவிறுவென்று நடந்துகொண்டே இருக்கும். கிரில்லின் உடம்பு தண்ணீரைவிடக் கனம், நீந்துவதை நிறுத்தினால் மூழ்கிவிடும். அதனால் அதற்கு உட்கார்ந்து சாப்பிடும் வழக்கமே கிடையாது.

பச்சைதான் தின்னும் என்றும் நினைத்துவிட வேண்டாம். தன்னைவிடச் சிறிய மிதவை விலங்குகள் கிடைத்தால் அவற்றையும் பிடித்துத் தின்னும். டயாட்டம் குறைந்த காலங்களில் இந்த அசைவம்தான் கைகொடுக்கும்.

குளிர்காலம் வந்தால் நிலைமை மாறும். தென்துருவத்தில் மாதக்கணக்கில் வெயில் தலை காட்டாது. கடலின் மேல்மட்டம் உறைந்து பனிக்கட்டி மூடிவிடும். வெளிச்சம் இல்லாத தண்ணீரில் டயாட்டம் வளராது. அப்போது கிரில் பனிக்கட்டியின் அடிப்பக்கத்துக்குப் போகிறது. தாமிரபரணிப் படித்துறையில் கால் வைத்தால் வழுக்குமே பாசி, அதைச் சின்ன மீன்கள் கொத்திக்கொண்டே நிற்குமே, அந்தக் காட்சியைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். படித்துறைக்குப் பதில் தலைக்கு மேலே பனிக்கூரை. அதன் அடியில் படிந்திருக்கும் பாசியை, கால் நுனியில் இருக்கும் வாரி போன்ற முடிகளால் கிரில் சுரண்டித் தின்கிறது. சின்னக் குஞ்சுகளுக்கு இந்தக் கூரைதான் முதல் குளிர்காலத்தின் அன்னசத்திரம்.

அதுவும் கிடைக்காவிட்டால் வளர்ந்த கிரில் பட்டினி கிடக்கும். ஆய்வகத்தில் தீனியே இல்லாமல் 200 நாள் வரை தாக்குப்பிடித்திருக்கிறது. எப்படி முடிகிறது என்று கேட்டால், உடம்பைச் சுருக்கிக்கொள்கிறது. நண்டும் இறாலும் ஓட்டைக் கழற்றினால் அடுத்த ஓடு முந்தினதைவிடப் பெரிதாக இருக்கும், வளர்ச்சி என்பதே அதுதான். பட்டினிக் கிரில் ஓட்டைக் கழற்றிவிட்டு, முந்தினதைவிடச் சின்ன ஓட்டுக்குள் போய்விடும். வருமானம் குறைந்த மாதம் செலவைக் குறைப்பது போல. வசந்தம் வந்து தீனி கிடைத்ததும் மறுபடி பெரிதாகும். குஞ்சுகளுக்கு இந்தச் சாமர்த்தியம் கிடையாது. பனிக்கூரை குறைந்தால் முதலில் அடிபடுவது அவைதான். அண்டார்க்டிகத் தீபகற்பத்தின் மேற்குப் பக்கம் சில பத்தாண்டுகளாகக் கடல் சூடாகி, பனி நிற்கும் நாட்கள் குறைந்துவருகின்றன. எனக்கு இந்தப் பகுதியைப் பாடமாக நடத்தும்போதெல்லாம் மனசு கனக்கும்.

இப்போது அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருவோம். ஒரு கிரில் ஒரு கிராம். அது எவனுக்கும் பசி ஆற்றாது. ஆனால் கிரில் தனியாக வாழ்வதில்லை. கூட்டமாக வாழும், அதுவும் நெருக்கியடித்துக்கொண்டு. நம் வீட்டு மொட்டைமாடியில் 1000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதல்லவா, ஒரு கன மீட்டர். கிரில் கூட்டம் அடர்ந்த இடத்தில் அந்தத் தொட்டி அளவு தண்ணீருக்குள் 10,000 கிரில்லுக்கு மேல் இருக்கும். அப்படியான கூட்டங்கள் கிலோமீட்டர் கணக்கில் நீண்டு, கடலையே சிவப்பாக்கிவிடும். தென்கடலில் இருக்கும் அண்டார்க்டிக் கிரில் மொத்தத்தையும் நிறுத்தால் 30 கோடி டன்னுக்கும் மேலே வரும் என்பது ஆய்வாளர்கள் கணக்கு.

திமிங்கலம் அந்தக் கூட்டத்துக்குள் வாயைப் பிளந்துகொண்டு பாய்கிறது. அதன் தாடைக்குக் கீழே தொப்புள் வரை நீளவாக்கில் மடிப்புகள் இருக்கும், கொசுவம் வைத்த சேலை மாதிரி. வாய் திறந்ததும் மடிப்புகள் விரிந்து தொண்டை பெரிய பையாக ஊதிவிடும். தன் உடம்பு எடைக்குக் குறையாத தண்ணீர் உள்ளே போகும். அப்புறம் வாயை மூடி, தண்ணீரை வெளியே தள்ளும். மேல் தாடையில் பல்லுக்குப் பதிலாக நூற்றுக்கணக்கான தட்டுகள் தொங்குகின்றன. நம் நகம் எந்தப் பொருளோ அதே பொருளால் ஆனவை, ஓரம் பிரிபிரியாக நார் போல இருக்கும். தண்ணீர் அந்த நார் வழியே வெளியே போக, கிரில் உள்ளே தங்கிவிடும். கிரில் டயாட்டத்துக்குச் செய்ததை அப்படியே திமிங்கலம் கிரில்லுக்குச் செய்கிறது, பாருங்கள்! நண்டுண்ணி சீல் என்று கடல்நாய் இனம் ஒன்று உண்டு. பெயர்தான் நண்டு, தின்பது பெரும்பாலும் கிரில். அதன் பற்களே பிளவு பிளவாக இருந்து, மேலும் கீழும் பொருந்தினால் சல்லடை ஆகிவிடும். ஒரே கடலில் மூன்று விதச் சல்லடைகள்.

நீலத் திமிங்கலம் ஒரு நாளைக்கு 4 டன் தின்னும் என்பது பல காலமாகச் சொல்லப்படும் கணக்கு. 2021-ல் வந்த ஓர் ஆய்வு, உண்மை அதைவிடப் பல மடங்கு இருக்கும் என்றது. பழைய கணக்கையே வைப்போம். ஒன்றுக்கு ஒரு கிராம் என்றால் 4 டன்னுக்கு 40 லட்சம் கிரில். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அன்றைய திருநெல்வேலி மாவட்டம் முழுக்க, தென்காசியும் சேர்த்து, 30 லட்சத்துச் சொச்சம் பேர்தான். எங்கள் மாவட்டத்து ஜனத்தொகையைவிட அதிக எண்ணிக்கை, ஒரு திமிங்கலத்துக்கு ஒரு நாள் சாப்பாடு. வயிறு நிறையும்.

எல்லாத் திமிங்கலமும் இப்படி வடிகட்டித் தின்னும் என்று நினைக்க வேண்டாம். 2016 ஜனவரியில் மணப்பாடு, கல்லாமொழிக் கரைகளில் 80-க்கும் மேற்பட்ட திமிங்கலங்கள் ஒதுங்கியதை எங்கள் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அவை பைலட் திமிங்கலங்கள், பல் உள்ள இனம். கணவாயை விரட்டிப் பிடித்துத் தின்பவை.

சரி, திமிங்கலம் ஏன் பெரிய மீனை விட்டுவிட்டு இந்தப் பொடிசைத் தேடிப் போகிறது? இங்கேதான் சங்கிலியின் கணக்கு வருகிறது. ஒரு உயிர் தின்பதில் பெரும்பகுதி நீந்தவும் மூச்சு விடவும் செலவாகிவிடும். ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் உடம்பில் சதையாகத் தங்கி, அடுத்தவருக்குப் போய்ச் சேரும். 1000 கிலோ டயாட்டம் இருந்தால் 100 கிலோ கிரில். 100 கிலோ கிரில் இருந்தால் 10 கிலோ திமிங்கலம். இரண்டே படி. சூரை மீனை எடுத்துக்கொள்ளுங்கள். டயாட்டத்தை மிதவை விலங்கு தின்று, அதை நெத்திலி தின்று, நெத்திலியைச் சூரை தின்றால் மூன்று படி. அதே 1000 கிலோவில் சூரைக்குக் கிடைப்பது ஒரு கிலோ. நடுவில் தரகர் கூடக் கூட விளைவித்தவனுக்கும் வாங்குபவனுக்கும் கையில் நிற்பது குறைவதை வாழைச் சந்தையில் பார்க்கிறோம். திமிங்கலம் தரகர் குறைந்த வழியில் போய் வாங்குகிறது. உலகத்தின் மிகப் பெரிய உடம்பு மிகக் குட்டையான சங்கிலியில் வளர்ந்திருப்பது தற்செயல் கிடையாது.

திமிங்கலம் மட்டுமா? அடேலி பெங்குவின், சீல்கள், ஆல்பட்ராஸ் போன்ற கடற்பறவைகள், மீன், கணவாய் எல்லாம் கிரில்லை நம்பித்தான் இருக்கின்றன. பெங்குவினைச் சிறுத்தைச் சீல் பிடிக்கும், அந்தச் சீலையும் ஓர்க்கா என்ற வேட்டைத் திமிங்கலம் பிடிக்கும். எந்த நூலைப் பிடித்து இழுத்தாலும் முடிச்சு கிரில்லில் போய் நிற்கும். கூந்தன்குளத்தில் தண்ணீர் வற்றி மீன் இல்லாத வருடம் கூழைக்கடாக்கள் கூடு கட்டாமல் போய்விடும் அல்லவா, அது மாதிரிதான் கிரில் குறைந்த வருடத்தில் பெங்குவின் குஞ்சுகளின் கதியும்.

இதுவரை சொன்னது கிரில் தின்பதும், தின்னப்படுவதும். எனக்கு இந்தப் பாடத்தில் ரொம்பப் பிடித்த பகுதி இனிமேல்தான்.

எங்கள் ஊர்ப்பக்கம் அறுவடை முடிந்த வயலில் கிடை போடுவார்கள். நூறு இருநூறு ஆடுகளை ராத்திரி வயலில் மடக்கி நிறுத்துவார்கள். விடிந்தால் வயல் முழுக்கப் புழுக்கை. ஆடு மேய்ந்தது எங்கேயோ காட்டில், உரம் இறங்கியது இந்த வயலில். அதற்குக் காசும் நெல்லும் கொடுத்த காலம் உண்டு. தென்கடலில் இதையே திமிங்கலம் செய்கிறது. அந்தக் கடலில் மற்றச் சத்துகள் தாராளமாக இருந்தாலும் இரும்புச்சத்து கொஞ்சம். இரும்பு இல்லாமல் டயாட்டம் செழிக்காது. கிரில் டயாட்டத்தைத் தின்று இரும்பை உடம்பில் சேர்க்கிறது. திமிங்கலம் கிரில்லை ஆழத்தில் தின்றுவிட்டு, மூச்சு விட மேலே வந்து, அங்கே கழிக்கிறது. அந்தக் கழிவில் சுற்றியுள்ள கடல்நீரைவிட ஏறக்குறைய ஒரு கோடி மடங்கு இரும்பு இருப்பதை அளந்திருக்கிறார்கள். வெயில் படும் மேல்தண்ணீருக்கே உரம் வந்து இறங்குகிறது, டயாட்டம் வளர்கிறது, கிரில் தின்கிறது.

இது வெறும் ஊகம் என்று தள்ள முடியாதபடி ஒரு சோகமான சான்றும் உண்டு. 20-ஆம் நூற்றாண்டில் தென்கோளக் கடல்களில் மட்டும் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட நீலத் திமிங்கலங்களை எண்ணெய்க்காகக் கொன்றார்கள். தின்ன ஆள் இல்லையே, கிரில் பெருகிவிடும் என்று அப்போது பலர் எதிர்பார்த்தார்கள். பெருகவில்லை. கிடை போடுவது நின்றதும் வயல் மெலிந்தது என்பதுதான் அதற்கு இன்று சொல்லப்படும் முக்கியமான விளக்கம்.

கிரில்லும் தன் பங்குக்குப் புழுக்கை போடுகிறது. ராத்திரி மேலே வந்து டயாட்டம் தின்னும், பகலில் எதிரிகளின் கண்ணுக்குத் தப்ப இருட்டான ஆழத்துக்கு இறங்கிவிடும். அதன் கழிவு மெல்லிய நூல் துண்டு போலக் கனமாக இருப்பதால் வேகமாக அடியில் போய்விடும். டயாட்டம் கரியமில வாயுவிலிருந்து வாங்கிய கரி அதோடு சேர்ந்து ஆழ்கடலுக்குப் போகிறது. அங்கே போனது சட்டென்று திரும்பி வராது. முட்டையும் அப்படித்தான். ஒரு பெண் கிரில் ஒரு தடவைக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடும், அவை நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு இறங்கிக்கொண்டே பொரியும். பொரிந்த குஞ்சு, முட்டையில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவைக் கட்டுச்சோறாக வைத்துக்கொண்டு, வாயில் வேறு எதுவும் படாமல் பல நாள் மேல்நோக்கி நீந்தி வரும்.

மனிதரும் கிரில் பிடிக்கிறார்கள். மீன் பண்ணைத் தீவனத்துக்கும் ஒமேகா-3 மாத்திரைக்கும் போகிறது. நார்வேயும் சீனாவும் இதில் முன்னால் நிற்கின்றன. பிடிப்புக்கு வரம்பு வைக்க 1982-ல் ஒரு சர்வதேச உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது, இந்தியாவும் அதில் உறுப்பு நாடு. கிரில் அதிகம் பிடிபடும் தென்மேற்கு அட்லாண்டிக் பகுதிக்கு வருடத்துக்கு 6,20,000 டன் என்று வரம்பு. மொத்தக் கையிருப்போடு ஒப்பிட்டால் இது சிறிய தொகைதான். ஆனால் கப்பல்கள் போய் நிற்பது பெங்குவினும் திமிங்கலமும் சாப்பிட வரும் அதே இடங்களில். என் கவலை அதில்தான்.

கிரில் பாடத்தை நடத்திய மறுவாரம் அந்தப் பெண் கேட்டாள், "நம்ம கடல்ல கிரில்லு கெடையாதா சார்?" உண்டு, இந்தியப் பெருங்கடலில் வேறு கிரில் இனங்கள் இருக்கின்றன. அதைவிட ஒரு நல்ல செய்தியும் அவளுக்காக வைத்திருந்தேன். இலங்கையின் தெற்கிலும் கிழக்கிலும் நீலத் திமிங்கலங்கள் உண்டு. தென்துருவத்துக்குப் போகாமல் வட இந்தியப் பெருங்கடலிலேயே இருந்துகொள்ளும் கூட்டம். அவற்றின் கழிவிலிருந்து மரபணுவைப் பிரித்துப் பார்த்த ஆய்வு 2018-ல் வெளிவந்தது. உலகமெங்கும் நீலத் திமிங்கலத்துக்குக் கிரில்தான் உணவு என்றிருக்க, இவை முக்கியமாகத் தின்பது ஒருவகைச் சிற்றிறாலை. நம் கூனி எந்தக் குடும்பமோ அதே குடும்பம். கேட்டதும் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "பாட்டிகிட்டச் சொல்லணும்" என்றாள்.

அடுத்த நாள் ஒரு பொட்டலம் கூனிப்பொடி கொண்டுவந்தாள். ஒரு சிட்டிகையை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷம் ஊறவைத்து, வெள்ளைத் தட்டில் பரப்பி, பூதக்கண்ணாடியை வைத்தோம். சுருண்டு கிடந்தவை ஊறி நிமிர்ந்தன. கறுப்பு எள் நுனி மாதிரி இரண்டு கண். உடம்பைவிட நீண்ட மீசை. வயிற்றுக்கடியில் துடுப்புக் கால்கள். தலையோட்டின் ஓரத்தை ஊசியால் மெல்லத் தூக்கினால் உள்ளே செவுள் ஒளிந்திருந்தது. இறாலுக்கும் கூனிக்கும் செவுள் இப்படி ஓட்டுக்குள்தான் இருக்கும். கிரில்லாக இருந்தால் அது ஓட்டுக்கு வெளியே, கால் முளைக்கும் இடத்தில் குஞ்சம் போலத் தொங்கிக்கொண்டிருக்கும். இரண்டையும் பிரித்துச் சொல்ல அந்த ஓர் அடையாளம் போதும்.